35 என்று எழுதிய இரண்டு பிள்ளைகள்

அன்புள்ள அம்மா,

வணக்கம். ஈராசிரியர் தொடக்கப் பள்ளி ஒன்றில் இடைநிலை ஆசிரியையாக இருக்கிறேன். பணியில் சேர்ந்து ஆறு வருடம் ஆகிறது. போன மாதம் வட்டார வள மையத்தில் மூன்று நாள் பயிற்சி. நான் பயிற்சிக்குப் போனால் ஐந்து வகுப்புகளையும் தலைமையாசிரியர் ஒருவரேதான் பார்க்க வேண்டும். அவரை அப்படி விட்டுவிட்டுப் போய் உட்கார்ந்தால், மூன்று நாளும் பயிற்சி நடத்த வந்த கருத்தாளர் கையேட்டை வாசித்தார், நாங்கள் கேட்டோம். பிற்பகலில் குழுக்களாகப் பிரிந்து சார்ட் பேப்பரில் எழுதி ஒட்டினோம். அதைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் போட்டார்கள். முதல் நாள் முன்தேர்வு, கடைசி நாள் பின்தேர்வு. முடிந்தது.

திரும்பி வந்த அன்று மூன்றாம் வகுப்புப் பெண் ஒருத்தி, "நீங்க என்ன படிச்சிட்டு வந்தீங்க டீச்சர்?" என்று கேட்டாள். அவளிடம் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. அடுத்த பயிற்சிக்கு மருத்துவ விடுப்பு போட்டுவிடலாமா என்று யோசிக்கிறேன். முப்பது வருடத்துக்கு மேல் இந்த வேலையில் இருந்தவர் நீங்கள். இந்தப் பயிற்சிகளால் உங்களுக்கு உண்மையிலேயே ஏதாவது கிடைத்ததா?

(பெயர் வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.)

*

அன்புள்ள டீச்சர்,

மருத்துவ விடுப்பு போடாதீர்கள். போய் வாருங்கள். எனக்குக் கிடைத்தது. நிறையக் கிடைத்தது என்று சொல்ல மாட்டேன். கிடைத்த இரண்டு மூன்று விஷயங்கள் ஓய்வுபெறும் நாள்வரை என் கூடவே வந்தன. அவற்றில் பாதி, பயிற்சி என்று பெயர் போட்டு நடந்த நேரத்தில் கிடைத்தவை அல்ல.

முதலில் ஒன்று. கருத்தாளர் மேல் கோபப்படாதீர்கள். நானும் சில வருடம் கருத்தாளராகப் போயிருக்கிறேன். மாநில அளவில் சிலரை உட்காரவைத்துச் சொல்லிக்கொடுப்பார்கள். அவர்கள் மாவட்டத்துக்கு வந்து சிலருக்குச் சொல்வார்கள். அந்தச் சிலர் ஒன்றியத்துக்கு வந்து நம்மிடம் சொல்வார்கள். உங்கள் எதிரே நின்று கையேட்டை வாசித்தவர் நேற்றுவரை தன் வகுப்பில் பாடம் நடத்திக்கொண்டிருந்தவர். போன வாரம் இரண்டு நாள் கேட்டதை இந்த வாரம் மூன்று நாள் சொல்ல வேண்டியிருக்கிறது அவருக்கு. கையேட்டை உருவாக்கியவர்கள் அதற்கு முன்னால் பல நாள் பேசியிருப்பார்கள், சண்டைகூடப் போட்டிருப்பார்கள். இந்தச் செயல்பாடு ஏன் வேண்டும், இது எந்தப் பிள்ளைக்கு, எங்கே சறுக்கும் என்றெல்லாம். அந்தப் பேச்சு சென்னையிலேயே நின்றுவிடுகிறது. கையேடு மட்டும் முழுதாக நம் கைக்கு வருகிறது. "ஏன்" இல்லாமல் "என்ன" மட்டும் வந்து சேர்ந்தால் வாசிப்பதைத் தவிர அவர் வேறென்ன செய்வார்?

இன்னொன்றும் உண்டு. மேலிருந்து கீழே வரப் படி இருக்கிறது. கீழிருந்து மேலே போகப் படி இல்லை. உங்கள் வகுப்பில் எது ஓடவில்லை என்று கேட்டு எழுதி எடுத்துப்போக யாரும் வருவதில்லை. அனைவருக்கும் கல்வி இயக்கத்தில் ஒவ்வோர் ஆசிரியருக்கும் ஆண்டுக்கு 20 நாள் பயிற்சி என்று வைத்தார்கள். 2020 தேசியக் கல்விக் கொள்கை ஆண்டுக்கு 50 மணி நேரம் என்கிறது. நாளை எண்ணினார்கள், இப்போது மணியை எண்ணுகிறார்கள். அந்த நேரத்தில் ஒரு பிள்ளையின் நோட்டாவது அந்த அறைக்குள் வந்ததா என்று எண்ண வேண்டும் என்பது என் நெடுநாள் ஆதங்கம்.

எனக்குக் கிடைத்ததைச் சொல்கிறேன்.

செயல்வழிக் கற்றல் வந்த காலம் உங்களுக்குத் தெரிந்திருக்காது. 2003-ல் சென்னை மாநகராட்சி ஆணையராக இருந்த எம்.பி. விஜயகுமார், மாநகராட்சிப் பள்ளி ஆசிரியர்களை ஆந்திராவின் ரிஷிவேலிப் பள்ளிக்கு அனுப்பிவைத்தார். அங்கே சுற்றுவட்டாரக் கிராமப் பள்ளிகளில் பல வகுப்புப் பிள்ளைகள் ஒரே அறையில் அட்டைகளை வைத்துக்கொண்டு அவரவர் வேகத்தில் படிப்பதை அவர்கள் பார்த்தார்கள். உங்கள் ஈராசிரியர் பள்ளி மாதிரிதான் அந்தப் பள்ளிகளும். பார்த்துவிட்டுத் திரும்பி வந்து தாங்களே உட்கார்ந்து அட்டைகளை எழுதினார்கள், தங்கள் வகுப்பில் போட்டுப் பார்த்தார்கள், திருத்தினார்கள். அதனால் அது அவர்களுடையதாக இருந்தது.

2007-ல் அது மாநிலம் முழுவதும் தொடக்கப் பள்ளிகளுக்கு வந்தபோது எங்களுக்கு அட்டைகளும் தட்டுகளும் சில நாள் பயிற்சியும் வந்தன. எந்த அட்டைக்குப் பின் எந்த அட்டை என்று படங்களால் காட்டும் சுவர் அட்டவணைக்கு ஏணிப்படி என்று பெயர். அதைப் பற்றிப் பயிற்சியில் சொன்னதை அப்படியே நோட்டில் எழுதிக்கொண்டேன். வகுப்புக்கு வந்தால் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. நாற்பது பிள்ளைகளும் ஒரே நேரத்தில் "டீச்சர், அடுத்து என்ன அட்டை?" என்று என்னைச் சூழ்ந்துகொள்வார்கள். இரண்டு மாதம் அப்படியே போனது. இது சரிப்படாது என்று முடிவே கட்டிவிட்டேன்.

அப்போது வேறு ஒரு வேலையாகப் பக்கத்து ஊர்ப் பள்ளிக்குப் போக நேர்ந்தது. அங்கே ஒரு டீச்சர் பாயில் ஆறு பிள்ளைகளோடு உட்கார்ந்திருந்தார். ஒரு பையன் கையிலிருந்த அட்டையை முடித்துவிட்டு எழுந்தான். சுவரில் ஒட்டியிருந்த ஏணிப்படி அருகே போனான். விரலால் தொட்டு, தான் நின்ற படத்துக்கு அடுத்த படம் என்ன என்று பார்த்தான். அதே படம் போட்ட தட்டிலிருந்து அட்டையை எடுத்துக்கொண்டு அந்தக் குழுவில் போய் உட்கார்ந்தான். டீச்சர் தலையைக்கூட நிமிர்த்தவில்லை. அரை மணி நேரம் வாசலிலேயே நின்று பார்த்தேன். நான் செய்யாமல் விட்டது என்ன என்று எனக்குத் தெரிந்துவிட்டது. ஏணிப்படியைப் படிக்கப் பிள்ளைகளுக்கு நான் சொல்லிக்கொடுக்கவே இல்லை. எனக்கு நானே அதை விளக்கிக்கொண்டிருந்தேன். திங்கட்கிழமை முதல் ஒரு வாரம் வேறு எதுவும் நடத்தவில்லை. சுவருக்குப் போய்த் தன் இடத்தைத் தானே கண்டுபிடிப்பது மட்டும்தான். பிறகு அறை அடங்கியது.

இரண்டாவது, சுற்றுவட்டாரப் பள்ளி ஆசிரியர்கள் கூடும் குறுவள மையக் கூட்டம் ஒன்றில் நடந்தது. சனிக்கிழமை. வர வேண்டிய கருத்தாளர் வரத் தாமதமானது. பதினைந்து இருபது பேர் காத்திருந்தோம். ஒரு சார், சும்மா இருப்பானேன் என்று பையிலிருந்து கணக்கு நோட்டுகளை எடுத்துத் திருத்த ஆரம்பித்தார். திடீரென்று, "பாருங்க டீச்சர், ரெண்டும் பக்கத்துல பக்கத்துல உக்காருற புள்ளைங்க. அப்படியே பாத்து எழுதியிருக்கு" என்று இரண்டு நோட்டுகளை என்னிடம் நீட்டினார்.

52-லிருந்து 27-ஐக் கழிக்க வேண்டும். இரண்டு பேருமே 35 என்று எழுதியிருந்தார்கள்.

நானும் காப்பி என்றுதான் நினைத்தேன். எனக்குப் பின்னால் இருந்த ஒரு டீச்சர் எட்டிப் பார்த்துவிட்டு, "இல்ல சார், இது வேற, அது வேற" என்றார். ஒரு நோட்டில் அடித்தல் திருத்தல் எதுவும் இல்லை. இன்னொன்றில் 2-ஐ அடித்து மேலே 12 என்று எழுதியிருந்தது. பக்கத்திலிருந்த 5 அப்படியே இருந்தது.

முதல் பிள்ளை ஒன்றுகள் இடத்தில் 7-லிருந்து 2-ஐக் கழித்திருக்கிறது. ஐந்து. பத்துகள் இடத்தில் 5-லிருந்து 2 போக மூன்று. இரண்டாவது பிள்ளை கடன் வாங்கி 12-லிருந்து 7-ஐக் கழித்திருக்கிறது. அதுவும் ஐந்துதான். ஆனால் பக்கத்து 5-ஐ 4 ஆக்க மறந்துவிட்டது. அதே மூன்று. இருவருக்கும் ஒரே விடை, வந்த வழிதான் வேறு. நாம் சிவப்பு மையில் ஒரே பெருக்கல் குறியைப் போட்டு, "மறுபடி செய்" என்று எழுதியிருப்போம்.

அறையே அந்த இரண்டு நோட்டுகளைச் சுற்றிக் கூடிவிட்டது. முதல் பிள்ளைக்கு அந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று ஒருவர் கேட்டார். நோட்டுக்குச் சொந்தக்காரரான சார் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "நான் சொன்னதுதான். பெரிய எண்ணுலருந்துதான் சின்ன எண்ணைக் கழிக்கணும்னு முதல் வகுப்புலருந்து சொல்லிட்டு இருக்கேன்" என்றார். நாங்கள் எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்ததுதான் அது. பிள்ளை அதை ஒவ்வொரு இலக்கத்துக்கும் வைத்துக்கொண்டுவிட்டது. 2-ஐவிட 7 பெரியது, ஆகவே 7-லிருந்து 2. சொன்ன சொல்லுக்கு நேர்மையாக நடந்த பிள்ளை அது.

ஈர்க்குச்சியை வைத்துச் செய்து பார்த்தோம். பத்துப் பத்தாக ஐந்து கட்டு, ரப்பர் பேண்ட் போட்டது. உதிரி இரண்டு. "இதிலிருந்து 27 குச்சி கொடு" என்று கேட்டால் அந்த முதல் பிள்ளைக்கு ஒரு விஷயம் கண்ணுக்குத் தெரியும். 27 என்று தனியாக ஒரு குச்சிக் குவியலே இல்லை. இருப்பதெல்லாம் 52 குச்சிதான். இல்லாத 7-லிருந்து எதை எடுப்பது? இரண்டாவது பிள்ளைக்கு வேண்டியது வேறு. ஒரு கட்டின் ரப்பர் பேண்டைக் கழற்றியதும் மிச்சம் எத்தனை கட்டு என்று எண்ண வேண்டும். எண்ணி முடித்த அந்த நொடியிலேயே நோட்டில் 5-ஐ அடித்து 4 என்று எழுத வேண்டும். கையும் பென்சிலும் சேர்ந்தே போக வேண்டும். இன்றைய பாடப்புத்தகத்தில் கடன் வாங்குதல் என்ற சொல்லை விட்டு இனமாற்றம் என்கிறார்கள். ஒரு பத்தைப் பத்து ஒன்றுகளாக மாற்றுகிறோம் என்பது அதில்தான் தெரிகிறது. நல்ல மாற்றம். ஆனால் கட்டை அவிழ்த்துக் காட்டாவிட்டால் அந்தச் சொல்லும் பிள்ளைக்கு வெறும் ஓசைதான்.

ஓய்வுபெற ஒரு வருடமே இருந்த ஓர் அம்மா அதுவரை பேசவில்லை. அவர்தான் கடைசியில் சொன்னார்: "அந்த 52-ஐ 53 ஆக்குங்க." போட்டுப் பார்த்தோம். சின்னதைப் பெரியதிலிருந்து கழிக்கிற பிள்ளைக்கு 34 வரும். 5-ஐக் குறைக்க மறக்கிற பிள்ளைக்கு 36 வரும். சரியான விடை 26. கணக்கில் ஒரே ஓர் இலக்கத்தை மாற்றினால் பிள்ளையின் மனசுக்குள் நடப்பது விடையிலேயே வந்து நின்றுவிடுகிறது. அதற்கு முன் இருபது வருடமாக எனக்குத் தோன்றிய எண்களைக் கரும்பலகையில் எழுதிப் போட்டிருக்கிறேன். எந்த எண்ணைக் கேட்பது என்பதும் ஆசிரியர் வேலைதான் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

கருத்தாளர் வந்தார். பயிற்சி நடந்தது. அது எதைப் பற்றி என்று எனக்கு நினைவில்லை.

ஜப்பானில் தொடக்கப் பள்ளி ஆசிரியர்கள் நூறாண்டுக்கு மேலாக இதையே முறையாகச் செய்துவருகிறார்கள். ஜுகியோ கென்கியூ, பாட ஆய்வு என்று பெயர். சிலர் சேர்ந்து ஒரே ஒரு பாடத்தைத் திட்டமிடுவார்கள். ஒருவர் பிள்ளைகளுக்கு நடத்துவார். மற்றவர்கள் வகுப்பில் நின்று பிள்ளைகள் என்ன செய்கிறார்கள் என்று குறித்துக்கொள்வார்கள். பிறகு உட்கார்ந்து பேசுவார்கள். நமக்கும் குறுவள மையங்கள் இருக்கின்றன, மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனங்கள் இருக்கின்றன. இடத்துக்கு நமக்குக் குறைவில்லை.

தொடக்க வகுப்புகளுக்கான எண்ணும் எழுத்தும் என்ற தமிழக அரசுத் திட்டம் 2022 ஜூனில் திருவள்ளூர் மாவட்டம் அழிஞ்சிவாக்கத்தில் தொடங்கியபோது நான் ஓய்வுபெற்றிருந்தேன். அரும்பு, மொட்டு, மலர் என்று ஒரே வகுப்புக்குள் மூன்று நிலை இருப்பதை ஒப்புக்கொண்டதற்காகவே அதை மனதார வரவேற்றேன். ஆனால் ஒரு பிள்ளை அரும்பில் நிற்கிறது என்று பதிவேற்றுவதோடு வேலை முடிவதில்லை. 35 என்று எழுதிய இரண்டு பிள்ளைகளும் பதிவில் ஒரே நிலையில்தான் இருப்பார்கள். அவர்களைப் பிரித்துப் பார்க்கும் கண்ணைப் பயிற்சிதான் தர வேண்டும்.

உங்கள் தலைமையாசிரியரைத் தனியாக விட்டுவிட்டு வருவதைப் பற்றி எழுதியிருந்தீர்கள். அது நியாயமான வருத்தம், அதற்கு உங்களிடம் ஆறுதல் சொல்லி முடிக்க எனக்கு விருப்பமில்லை. ஈராசிரியர் பள்ளியிலிருந்து ஒருவரைப் பள்ளி நாளில் மூன்று நாள் எடுப்பது அந்தப் பிள்ளைகளுக்குச் செய்யும் அநியாயம். வட்டார வள மையத்தின் ஆசிரியர் பயிற்றுநர்கள் பள்ளிக்கே வந்து அரை நாள் உங்களோடு நின்று பாடம் நடத்த வேண்டும். அந்தப் பணியிடங்கள் உருவானதே அதற்காகத்தான். பதிவேற்றமும் புள்ளிவிவரமும் அவர்கள் நேரத்தைத் தின்றுவிடுகின்றன. இதை உங்கள் சங்கக் கூட்டத்தில் சொல்லுங்கள், எழுத்தில் கொடுங்கள். ஊதியத்துக்குக் குரல் கொடுக்கும் சங்கங்கள் இதற்கும் குரல் கொடுக்க வேண்டும் என்று நான் பணியில் இருந்தபோதே கேட்டேன். இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

அதுவரை, அடுத்த பயிற்சிக்குப் போகும்போது பையில் இரண்டு நோட்டுகள் போட்டுக்கொள்ளுங்கள். நன்றாகச் செய்யும் பிள்ளையுடையது வேண்டாம், ஏன் தப்பாகிறது என்று உங்களுக்கே புரியாத பிள்ளையுடையது. பெயர் எழுதிய அட்டையை மட்டும் மறைத்துவிடுங்கள். சாப்பாட்டு நேரத்தில் பக்கத்தில் இருப்பவரிடம் காட்டுங்கள். முடிந்தால் முதல் நாள் மாலையே கருத்தாளரிடம் ஒன்றைக் கொடுத்து, "நாளைக்கு இதைப் பத்திக் கொஞ்ச நேரம் பேசலாமா சார்?" என்று கேளுங்கள். கையேட்டிலிருந்து தலையை எடுக்க அவருக்கும் ஒரு காரணம் வேண்டும். நான் கருத்தாளராக இருந்தபோது யாராவது இப்படிக் கேட்க மாட்டார்களா என்று ஏங்கியிருக்கிறேன்.

அந்த மூன்றாம் வகுப்புப் பெண் கேட்டதற்கு இப்போதே பதில் கொடுக்கலாம். நாளைக்கு அவள் வகுப்பில் 53-லிருந்து 27-ஐக் கழிக்கச் சொல்லுங்கள். 34 யாருக்கு வந்தது, 36 யாருக்கு வந்தது என்று பாருங்கள். 26 போட்டவர்களையும் எப்படிப் போட்டார்கள் என்று சொல்லச் சொல்லிக் கேளுங்கள். இந்த மூன்றும் இல்லாமல் வேறு ஏதாவது விடை வந்தால் அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள். சேர்ந்து பார்ப்போம்.

அன்புடன்.