எஸ்பிடி கரைந்ததற்கும் ஏஎஃப்டி வளர்ந்ததற்கும் நடுவில் எட்டு வருடம்

கேள்வி இதுதான்: ஐரோப்பாவில் சமூக ஜனநாயகக் கட்சிகள் ஏன் தேய்ந்தன, வலதுசாரிகள் எப்படி அந்த இடத்துக்கு வந்தார்கள்?

ஐரோப்பா முழுவதற்கும் சேர்த்துப் பதில் சொல்ல எனக்குத் தெம்பில்லை. நான் பன்னிரண்டு வருடமாக ஜெர்மனியின் ரூர் பகுதியில், கெல்சன்கிர்ஷென் பக்கத்தில் குடியிருக்கிறேன், அதனால் இங்குள்ள சமூக ஜனநாயகக் கட்சியான எஸ்பிடியின் கதையை மட்டும் சொல்கிறேன்.

அகதிகள் வந்தார்கள், மக்களுக்குக் கோபம் வந்தது, வலது பக்கம் போய்விட்டார்கள் என்பதுதான் எல்லோரும் சொல்கிற பதில். வருடங்களை வரிசையாக வைத்துப் பாருங்கள், அது ஒட்டாது. 1998 நாடாளுமன்றத் தேர்தலில் எஸ்பிடியின் கெர்ஹார்ட் ஷ்ரோடர் ஜெயித்துப் பிரதமரானபோது கட்சி வாங்கியது 40.9 சதவீதம், தலைகளாக எண்ணினால் 2 கோடிக்கு மேல். 2009-ல் 23 சதவீதம், 1 கோடிக்கும் சற்றுக் குறைவு. பாதிக் கட்சி காணாமல் போய்விட்டது. அப்போது ஏஎஃப்டி என்ற வலதுசாரிக் கட்சியே கிடையாது, அது பிறந்தது 2013-ல், அகதிகள் லட்சக்கணக்கில் வந்தது 2015-ல், ஏஎஃப்டி நாடாளுமன்றத்துக்குள் நுழைந்தது 2017-ல். அதாவது வீடு காலியாகி எட்டு வருடம் கழித்துத்தான் ஆள் குடிவந்தது.

நடுவில் அந்த 1 கோடிப் பேர் எங்கே போனார்கள்? கொஞ்சம் பேர் இடதுசாரிக் கட்சிக்கு, கொஞ்சம் பேர் ஷ்ரோடருக்குப் பின் பிரதமரான மெர்க்கெலின் பழமைவாதக் கட்சிக்கு. ஆனால் 2009 தேர்தலில் மட்டும் சுமார் 20 லட்சம் பேர் யாருக்கும் போடாமல் வீட்டிலேயே இருந்துவிட்டார்கள். வாக்குப்பதிவே 1998-ல் இருந்த 82 சதவீதத்திலிருந்து 71-க்கு இறங்கியது. சரி, ஏன் வீட்டில் இருந்தார்கள்?

எங்கள் கட்டடத்தில் தரைத்தளத்தில் ஒரு பெரியவர் இருக்கிறார். நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், முப்பது வருடத்துக்கு மேல் எஸ்பிடி உறுப்பினர். ஒருநாள் அலமாரியிலிருந்து சிவப்பு அட்டை போட்ட சின்னப் புத்தகம் ஒன்றை எடுத்துக் காட்டினார், கட்சிப் புத்தகம். உள்ளே பக்கம் பக்கமாகச் சந்தா கட்டியதற்கான ஸ்டாம்ப், தபால்தலை மாதிரி. அந்தக் காலத்தில் சந்தா வாங்க வீடு தேடி வருவாராம் ஒருவர், வந்தால் அரைமணி நேரம் உட்காராமல் போகமாட்டாராம். வாடகைத் தகராறு, பிள்ளைக்கு வேலைப்பயிற்சி இடம், எல்லாம் அந்த அரைமணியில் பேசி முடிந்துவிடுமாம். 2004-ல் விலகல் கடிதம் அனுப்பிவிட்டார். புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்க மட்டும் மனசு வரவில்லை.

விலகக் காரணம் ஹார்ட்ஸ் 4, வேலையில்லாதவர்களுக்கான உதவித்தொகையை மாற்றிய சட்டம். இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். அதற்கு முன்னால் ஒருவருக்கு வேலை போனால், காப்பீட்டுப் பணம் தீர்ந்த பிறகும் அவருடைய பழைய சம்பளத்தை வைத்துக் கணக்கிட்ட ஒரு உதவித்தொகை கால வரம்பு இல்லாமல் கிடைத்துக்கொண்டிருந்தது. 2003 மார்ச்சில் ஷ்ரோடர் 'அஜெண்டா 2010' என்று அறிவித்தார், 2005 ஜனவரியில் புது முறை வந்தது. பொதுவாக ஒரு வருடம் காப்பீட்டுப் பணம், அது முடிந்தால் மேற்கு ஜெர்மனியில் மாதம் 345 யூரோ, கூடவே வாடகை. சேமிப்பு எவ்வளவு, வீட்டில் யார் யார், அவர்கள் என்ன சம்பாதிக்கிறார்கள், எல்லாவற்றையும் படிவத்தில் எழுத வேண்டும். முப்பது வருடம் காப்பீடு கட்டியவனுக்கும் ஒருநாள்கூட வேலைக்குப் போகாதவனுக்கும் அதே 345.

பெரியவருக்கு இதனால் ஒரு பாதிப்பும் இல்லை, அதுதான் விசேஷம். சுரங்கங்களை மூடும்போது ஒருவரையும் தெருவில் விடக்கூடாது என்பதை இந்தப் பகுதியில் எழுதாத சட்டமாகவே வைத்திருந்தார்கள். வயதானவர்களுக்கு முன்கூட்டியே ஓய்வு, இளையவர்களுக்கு வேறு சுரங்கம். 2018 டிசம்பரில் போட்ரோப்பில் கடைசி நிலக்கரிச் சுரங்கத்தை மூடும் வரை அப்படித்தான் நடந்தது, அதற்கு அரசு கோடி கோடியாகக் கொட்டியது. அவருடைய தம்பி ஒரு தொழிற்சாலையில் இருந்தார். ஐம்பத்தொரு வயதில் வேலை போனது. அண்ணனுக்குக் கிடைத்தது தம்பிக்குக் கிடைக்கவில்லை, கிடைக்காமல் செய்தது தன் கட்சி என்பதைத்தான் பெரியவரால் ஜீரணிக்க முடியவில்லை. 2009-ல் இளைஞர்களின் அந்த வருடச் சொல்லாக ஹார்ட்ஸ் 4-லிருந்து வந்த 'ஹார்ட்ஸன்' என்ற சொல்லைத் தேர்ந்தெடுத்தார்கள், சும்மா சோம்பிக் கிடப்பது என்று அர்த்தம். தம்பி அப்போது அந்தப் பணத்தில்தான் இருந்தார்.

ஷ்ரோடர் பக்கமும் நியாயம் இல்லாமல் இல்லை. 2005 தொடக்கத்தில் வேலையில்லாதவர்கள் 50 லட்சத்துக்கு மேல், ஏதாவது செய்தே ஆகவேண்டிய நிலை. பின்னால் எண்ணிக்கை இறங்கியதும் உண்மை, அதில் இந்தச் சட்டத்தின் பங்கு எவ்வளவு என்று பொருளாதாரக்காரர்கள் இன்னும் அடித்துக்கொள்கிறார்கள். ஆனால் அதே அரசுதான் பெரும் வருமானக்காரர்களின் உச்ச வருமான வரியை 53 சதவீதத்திலிருந்து 42-ஆகக் குறைத்தது. இரண்டையும் ஒரே கை செய்ததை ஜனங்கள் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

அப்புறம் 2005 தேர்தல் கூத்து. மதிப்புக்கூட்டு வரியை 2 சதவீதப் புள்ளி ஏற்றுவேன் என்றார் மெர்க்கெல். ஒரு பைசா ஏற்றவிடமாட்டோம், அது 'மெர்க்கெல் வரி' என்று எஸ்பிடி போஸ்டர் அடித்து ஒட்டியது. தேர்தல் முடிந்து இரண்டும் கூட்டணி. ஏற்றம் எவ்வளவு தெரியுமா? 3 புள்ளி, 2007 முதல் 16 என்பது 19. பிரசாரத்தில் சொன்னதை வைத்து எங்களை எடைபோடுவது நியாயமில்லை என்று எஸ்பிடியின் முன்ட்டஃபெரிங் வாய்விட்டே சொன்னார். ஓய்வு வயதை 67-ஆக ஏற்றியவரும் அவரே. மெர்க்கெலின் 16 வருட ஆட்சியில் 12 வருடம் எஸ்பிடி கூடவே உட்கார்ந்திருந்தது, நடுவில் ஒரு நாலு வருடம் தவிர. இவர்களுக்கும் அவர்களுக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டால் கட்சிக்காரர்களே தலையைச் சொறிவார்கள்.

தம்பி 2005-லும் போடவில்லை, 2009-லும் 2013-லும் போடவில்லை. 2017-ல் ஏஎஃப்டிக்குப் போட்டார். கோடையில் பின்கட்டில் கறி சுடும்போது அவரே சொன்னார், உடனே என்னைப் பார்த்து "உன்னைச் சொல்லவில்லை, நீ வேலைக்குப் போகிறவன்" என்றார். சிரித்துவிட்டு வந்தேன், மாடிப்படி ஏறும்போதுதான் சுருக்கென்றது. எல்லாமே பொருளாதாரம், வெறுப்பு என்று ஒன்றும் இல்லை என்று என்னால் எழுத முடியாதது இதனால்தான். ஏஎஃப்டியால் உங்களுக்கு என்ன கிடைக்கும், அவர்களும் பணக்காரர்களுக்கு வரி குறைப்பதைப் பற்றித்தானே பேசுகிறார்கள் என்று கேட்டேன். "ஒன்றும் கிடைக்காது. ஆனால் பழைய கட்சிக்காரன் பயப்படுகிறான் பார், அது போதும்."

2025 பிப்ரவரியில் வாக்குப்பதிவு மறுபடி 82.5-க்கு வந்தது. வீட்டில் இருந்தவர்கள் திரும்பி வந்தார்கள், அவர்களில் சுமார் 18 லட்சம் பேர் ஏஎஃப்டிக்குப் போட்டார்கள். ஏஎஃப்டி 20.8, எஸ்பிடி 16.4. தேர்தல் அன்று எடுத்த கருத்துக்கணிப்பில் தொழிலாளர்களிடையே ஏஎஃப்டிக்கு 38 சதவீதம், எஸ்பிடிக்கு 12. ஒரு காலத்தில் பாதிக்கும் மேல் எஸ்பிடிக்கே விழுந்த கெல்சன்கிர்ஷெனில் கட்சி வாக்குகளில் ஏஎஃப்டி முதலிடம், தொகுதியை மட்டும் எஸ்பிடி வேட்பாளர் காப்பாற்றிக்கொண்டார் (இங்கே ஒருவருக்கு இரண்டு வாக்கு, ஒன்று கட்சிக்கு, ஒன்று தொகுதி வேட்பாளருக்கு). கிழக்கு ஜெர்மனி வேறு கதை, 1990-க்குப் பிறகு அங்கே பெரும்பாலான இடங்களில் எஸ்பிடிக்கு வேரே சரியாகப் பிடிக்கவில்லை, அதை இதில் கலக்கவில்லை.

எஸ்பிடி ஒன்றுமே செய்யவில்லையா என்றால், செய்தது. 2015-ல் நாடு முழுவதற்கும் குறைந்தபட்சக் கூலி, மணிக்கு 8.50 யூரோ, கூட்டணியில் சண்டை போட்டுக் கொண்டுவந்தது அவர்கள்தான். 2022-ல் அதை 12 ஆக்கியதும் அவர்களே. போன மாதம் பெரியவரிடம் இதைச் சொன்னேன். "அது மெர்க்கெல் கொண்டுவந்தது இல்லையா?" என்றார்.