இம்பீச்மென்ட்: முதலில் 67-ஐ எண்ணுங்கள்

அமெரிக்க அதிபர்கள் மீதான இம்பீச்மென்ட் பற்றி வந்த கேள்விகளும் பதில்களும்.

கே: ட்ரம்பை இரண்டு முறை பதவி நீக்கம் செய்தார்களே, பிறகு எப்படி மறுபடி அதிபரானார்?

ப: நீக்கவே இல்லை. இம்பீச்மென்ட்டைப் 'பதவி நீக்கம்' என்று நம் பத்திரிகைகள் எழுதி எழுதி வந்த வினை இது. அது வெறும் குற்றப்பத்திரிகை. பிரதிநிதிகள் சபையில் சாதாரணப் பெரும்பான்மை இருந்தால் போட்டுவிடலாம். தீர்ப்பு சொல்வது மேலவையான செனட். அங்கே வந்திருப்போரில் மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். 100 பேரும் இருந்தால் 67. ஜான்சன் (1868), கிளின்டன் (1998), ட்ரம்ப் (2019, 2021) என நான்கு முறை குற்றம் சாட்டினார்கள், நான்கிலும் விடுதலை.

கே: வாக்களிக்காமல் நழுவினால்?

ப: எப்படி நழுவுகிறார் என்பதைப் பொறுத்தது. பத்துப் பேர் அவைக்கே வராவிட்டால் 90-இல் 60 போதும். உள்ளே உட்கார்ந்துகொண்டு வாய் திறக்காமல் இருந்தால் 67 அப்படியே நிற்கும், லாபம் அதிபருக்கு.

கே: நிக்சனை இம்பீச் செய்துதானே அனுப்பினார்கள்?

ப: இல்லை. 1974 ஜூலையில் பிரதிநிதிகள் சபையின் நீதிக் குழு மூன்று குற்றச்சாட்டுகளை ஏற்றது. முதலாவதற்கு 27-11, அவர் கட்சியைச் சேர்ந்த ஆறு பேரும் அந்த 27-இல் உண்டு. செனட்டில் தேறாது என்று சொந்தக் கட்சித் தலைவர்களே நேரில் போய்ச் சொன்ன பிறகு, ஆகஸ்ட் 9 அன்று ராஜினாமா செய்தார். முழுச் சபை வாக்கெடுப்பு வரை போகவே இல்லை.

கே: ஜான்சன் வழக்கு சட்டப் பிரச்சினையா, கட்சிச் சண்டையா?

ப: நல்ல கேள்வி. குற்றச்சாட்டுகள் 11. பெரும்பாலானவை, போர்த்துறைச் செயலர் ஸ்டான்டனை செனட்டைக் கேட்காமல் நீக்கியதைச் சுற்றியவை. அப்படி நீக்கக்கூடாது என்ற சட்டமே அதிபரின் கையைக் கட்டுவதற்காக 1867-இல் அவருடைய வீட்டோவை மீறிக் கொண்டுவந்தது. அதற்காக 'வெறும் கட்சிச் சண்டை' என்று தள்ளிவிடவும் முடியாது. உள்நாட்டுப் போருக்குப் பின் விடுதலையான கறுப்பின மக்களுக்கான சட்டங்களை ஜான்சன் ஒவ்வொன்றாக மறித்துக்கொண்டிருந்தார். உண்மையான வழக்கு அது. குற்றப்பத்திரிகையில் எழுத வசதியாகக் கிடைத்தது ஸ்டான்டன் விவகாரம்.

செனட்டில் அப்போது 54 பேர். வேண்டியது 36, கிடைத்தது 35. எதிர்த்து வாக்களித்த 19 பேரில் ஏழு பேர், இம்பீச் செய்த குடியரசுக் கட்சியையே சேர்ந்தவர்கள். மனசாட்சி என்பார்கள், கணக்கும் இருந்தது. துணை அதிபர் நாற்காலி காலி. ஜான்சன் போனால் அடுத்து உட்கார வேண்டியவர் செனட்டின் தற்காலிகத் தலைவர் பெஞ்சமின் வேட். பெண்களுக்கு வாக்குரிமை, உயர்ந்த இறக்குமதி வரி என்று பேசும் அவரைக் கட்சியின் மிதவாதிகளுக்கு ஆகாது. தனக்கே பதவி வரும் வழக்கில் வேட் வெட்கப்படாமல் 'குற்றவாளி' என்று வாக்களித்தார் என்பதையும் கவனியுங்கள். எதிர்ப்பக்கம் அயோவாவின் கிரைம்ஸ்: இரண்டு நாள் முன்பு பக்கவாதம் தாக்கியவரைத் தூக்கி வந்தார்கள். உட்கார்ந்தபடியே சொல்லலாம் என்றார் தலைமை நீதிபதி. பிறர் தாங்க எழுந்து நின்று 'குற்றவாளி அல்ல' என்றார்.

கே: இம்பீச் செய்யும் கட்சியை மக்கள் தண்டிப்பார்கள் என்பதுதானே 1998-இல் கிளின்டன் விவகாரம் தந்த பாடம்?

ப: தேதியைப் பாருங்கள். நாடாளுமன்றத் தேர்தல் நவம்பர் 3. சபை இம்பீச் செய்தது டிசம்பர் 19.

கே: (அதே நண்பர்) விசாரணை அதற்கு முன்பே தொடங்கிவிட்டதே! கிளின்டனின் ஜனநாயகக் கட்சிக்கு 5 இடம் கூடியது, குடியரசுக் கட்சியின் சபாநாயகர் கிங்ரிச் விலகினார்.

ப: இரண்டும் சரி. அதிபரின் பதவிக்கால நடுவில் வரும் தேர்தலில் அவர் கட்சிக்குப் பிரதிநிதிகள் சபையில் இடம் கூடியது 1934-க்குப் பிறகு அதுதான் முதல் முறை. ஆனால் அதே சபையில் குடியரசுக் கட்சியின் பெரும்பான்மை போகவில்லை, 2000-இல் வெள்ளை மாளிகையும் அவர்களிடம் வந்தது.

கே: அதே 2000-இல் ஜனநாயகக் கட்சி வேட்பாளர் அல் கோருக்குத்தானே நாடு முழுவதும் வாக்கு அதிகம்?

ப: ஆமாம், ஆனால் மாநில வாரியாக அதிபரைத் தேர்ந்தெடுக்கும் தேர்வாளர் குழுவில் 271-266 என்று தோற்றார். அதனால்தான் 'பாடம்' என்ற சொல்லே வேண்டாம் என்கிறேன். 1868, 2000, 2020 மூன்றிலும் இம்பீச் செய்த கட்சி அடுத்த அதிபர் தேர்தலில் வென்றது. 2021-க்குப் பிறகு வந்த 2024-இல் குற்றம் சாட்டப்பட்டவரே வென்றார். நான்கு உதாரணத்தை வைத்து விதி எழுதக்கூடாது.

அடி விழுவதைப் பார்க்கத் தொகுதிக்குள் போங்கள். கிளின்டன் விசாரணையில் சபைத் தரப்பில் வாதாடிய 13 பேரில் ஒருவர் கலிஃபோர்னியாவின் ரோகன். 2000-இல் ஆடம் ஷிஃபிடம் தோற்றார். 2020-இல் ட்ரம்புக்கு எதிராக அதே வேலையைத் தலைமையேற்றுச் செய்தவர் அந்த ஷிஃப்.

கே: இந்தியாவில் எப்படி?

ப: குடியரசுத் தலைவரை நீக்க அரசியலமைப்பின் பிரிவு 61. 14 நாள் நோட்டீஸ், நான்கில் ஒரு பங்கு உறுப்பினர் கையெழுத்து, இரு அவையிலும் 'மொத்த' உறுப்பினரில் மூன்றில் இரண்டு. எந்தக் குடியரசுத் தலைவரும் இப்படி நீக்கப்பட்டதில்லை. இன்றைய பேச்சு அமெரிக்கா.

கே: செனட் குற்றவாளி என்றால் இனிமேல் போட்டியிடவே முடியாதா?

ப: தானாகத் தடை வராது. தனியாக இன்னொரு வாக்கெடுப்பு. அதற்குச் சாதாரணப் பெரும்பான்மை போதும். நீதிபதி ஹேஸ்டிங்ஸ் 1989-இல் நீக்கப்பட்டார், தடை விதிக்கவில்லை. 1992-இல் தன்னை இம்பீச் செய்த அதே சபைக்கு ஜெயித்துப் போனார்.

கே: சொந்தக் கட்சிக்காரர்கள் ஏன் எதிர்த்து வாக்களிக்கப் பயப்படுகிறார்கள்?

ப: எதிர்க்கட்சிக்குப் பயமில்லை, பிரைமரிக்குத்தான் பயம், வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் உட்கட்சித் தேர்தல் அது. 2021-இல் ட்ரம்பை இம்பீச் செய்ய வாக்களித்த குடியரசுக் கட்சியினர் பத்துப் பேர். அடுத்த ஆண்டு நான்கு பேர் நிற்கவில்லை, நான்கு பேர் பிரைமரியில் தோற்றார்கள். தப்பிய இருவர் வாஷிங்டன், கலிஃபோர்னியா மாநிலத்தவர். அங்கே எல்லாக் கட்சியினரும் ஒரே பிரைமரியில் நிற்க, முதல் இருவர் இறுதிக்குப் போவார்கள். அதே வாஷிங்டனில் ஒருவர் தோற்கவும் செய்தார்.

கே: 2021-இல் செனட்டில் 57-43. பெரும்பான்மைதானே, ஏன் நீக்கவில்லை?

ப: முதல் பதிலைப் படியுங்கள். 67.