மெட்ராஸ் சாப்பர்ஸ் படைப்பிரிவு போரில் என்ன செய்தது?

மெட்ராஸ் சாப்பர்ஸ் என்பது 1780-இல் உருவான ராணுவப் பொறியாளர் படை. பாலம் கட்டுவது, சாலை போடுவது, கண்ணிவெடி அகற்றுவது இவர்கள் வேலை. பாலம் தகர்ந்தால் டாங்கியும் சாப்பாட்டு லாரியும் அங்கேயே நின்றுவிடும். அதனால் தேர் வருமுன் தெருவில் பள்ளம் நிரப்பி வழி செய்பவர்களைப் போல இவர்கள் முன்னால் போக வேண்டும்.

இரண்டாம் உலகப் போரின்போது, இத்தாலியில் மிஞ்ஞானோ என்ற ஊர் அருகே, 1944 பிப்ரவரி 24. காயம்பட்டவர்களை மீட்க சுபேதார் சுப்ரமணியனின் குழு கண்ணிவெடிகளை அகற்றிக்கொண்டே போனது. பின்னால் வந்த ஒருவர் ஒன்றை மிதித்துவிட்டார். வெடிக்க நான்கு நொடிதான். சுப்ரமணியன் அதன்மேல் பாய்ந்து படுத்து, உடன் வந்தவர்களைக் காத்து உயிர்விட்டார். மறைவுக்குப் பின் அவருக்கு பிரிட்டனின் உயரிய வீர விருதான ஜார்ஜ் கிராஸ் கிடைத்தது. எத்தனை பேருக்கு இது தெரியும்!

பொறியாளர்கள் என்பதால் பின்னால் பத்திரமாக இருந்தவர்கள் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை, தேவைப்பட்டபோது துப்பாக்கி ஏந்திக் காலாட்படையாகவும் சண்டை போட்டார்கள்.