காசிமேடு நண்பருக்கு: ஃபயர் டிவி ரிமோட் இணையாவிட்டால்

பேட்டரி மாற்றியும் ஃபயர் டிவி ரிமோட் இணையவில்லை, அம்மா சீரியல் பார்க்க முடியாமல் தவிக்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். முதலில் பேட்டரி மூடியைக் கழற்றி, உள்ளே ஸ்பிரிங்கைப் பாருங்கள். கடல் காற்று சும்மா விடாது. ராயபுரத்தில் எங்கள் வீட்டு ரிமோட்டில் ஸ்பிரிங் பச்சையாகப் பூத்திருந்தது. காய்ந்த துணியால் அழுத்தித் துடைத்த பிறகுதான் உயிர் வந்தது.

சரி, அப்புறம் டிவியில் செருகியிருக்கும் ஃபயர் டிவி ஸ்டிக்கின் பவரைப் பிடுங்கி, ஒரு நிமிடம் கழித்துச் செருகுங்கள். திரை வந்ததும் டிவி பக்கத்தில் நின்று ரிமோட்டில் வீடு படம் போட்ட ஹோம் பட்டனை 10 விநாடி விடாமல் அழுத்துங்கள். இந்த ரிமோட் புளூடூத்தில் இணைவது, டிவியை நோக்கி நீட்ட வேண்டியதில்லை.

அதற்கும் மசியவில்லையென்றால், ஃபோனில் ஃபயர் டிவி ஆப்பை இறக்கி ஸ்டிக் இணைந்திருக்கும் அதே வைஃபையில் இணையுங்கள். ஃபோனே ரிமோட்டாகிவிடும். அம்மாவின் இன்றைய சீரியலுக்கு அது போதும்.