ஸ்ப்ரே வார்னிஷ் பட்டதும் எழுத்து மட்டும் கலங்குகிறதா?

யாராவது கண்டெடுக்கட்டும் என்று ஒளித்துவைக்க, கற்களில் பூவும் ஆறுதல் வரியும் போட்டு வார்னிஷ் அடித்ததில் எழுத்து கலங்கிவிட்டது என்று கேட்டிருந்தீர்கள். கல்லை மாற்ற வேண்டாம், பேனாவை மாற்றுங்கள். நீங்கள் எழுதிய ஷார்ப்பி என்ற நிரந்தர மார்க்கரின் மை ஆல்கஹாலில் கரையும் வகை. ஸ்ப்ரே வார்னிஷில் உள்ள கரைப்பான் பட்டதும் காய்ந்த மையும் இளகி ஓடும். பூவை அக்ரிலிக் வண்ணத்தில் வரைந்ததால் அது தப்பித்தது, "நீ தனியாக இல்லை" என்ற வரி மட்டும் போய்விட்டது.

சந்தேகமிருந்தால் வேறொரு கல்லின் அடிப்பக்கத்தில் அதே மார்க்கரால் ஒரு கோடு, போஸ்கா போன்ற அக்ரிலிக் பேனாவால் ஒரு கோடு போடுங்கள். இரவு முழுக்கக் காயவிட்டு இரண்டின் மேலும் லேசாக ஸ்ப்ரே அடியுங்கள். எது ஓடுகிறது என்று தெரிந்துவிடும்.

கெட்டுப்போன கற்களைத் தூக்கிப் போடாதீர்கள். கலங்கிய இடத்தை உப்புத்தாளால் மெல்லத் தேய்த்து, அக்ரிலிக் பூசி, மேலே மறுபடி எழுதலாம். வார்னிஷை ஒரே தடவையில் கனமாக அடிக்காமல் மெல்லிய பூச்சுகளாக, ஒவ்வொன்றும் காய்ந்த பிறகு அடுத்ததாக அடியுங்கள். ஈரக் கல்லில் எதுவும் நிற்காது.

அப்புறம், அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் உள்ள கேப் காட் கடற்கரையில் ஒளித்துவைக்கப் போவதாக எழுதியிருந்தீர்கள். மேகன் மர்ஃபி என்பவர் 2015-ல், கல்லில் அன்பு வரி எழுதி வைக்கும் இந்த வழக்கத்தைத் தொடங்கிய இடம் அதுதான், ஆசை புரிகிறது. ஆனால் அங்கே ஒரு பெரிய பகுதி தேசியப் பூங்காத் துறையின் கையில் இருக்கிறது. அந்த எல்லைக்குள் வண்ணக் கல் வைக்கவும் கூடாது, அங்கிருந்து கல் எடுக்கவும் கூடாது. ஊர்ப் பூங்கா, கடை வாசல் என்றால் கேட்டுவிட்டு வையுங்கள். புல்வெளி மட்டும் வேண்டாம், புல்வெட்டும் இயந்திரத்தில் சிக்கினால் கல் தெறிக்கும்.