அப்பா எழுந்ததும் கேள்

கேள்வி: நான் பி.காம். முடித்தவள்; வயது 22. வரும் வியாழக்கிழமை மணலியில் ஒரு கண்டெய்னர் சரக்கு நிலையத்தில் ஆவணப் பிரிவு உதவியாளர் வேலைக்கு நேர்காணல். முன்பு சென்ற இரண்டு நேர்காணல்களிலும் "எங்கள் நிறுவனத்தைப் பற்றி என்ன தெரியும்?" என்று கேட்டபோது பதில் சொல்லத் தெரியாமல் விழித்தேன். இம்முறை பத்து நாட்களாகக் கைப்பேசியில் காணொளிகள் பார்த்து, இருபது கேள்விகளுக்குப் பதில்களை மனப்பாடம் செய்திருக்கிறேன். அப்பா 18 வருடமாக ஹார்பரில் டிரெய்லர் ஓட்டுகிறார். இரவெல்லாம் வண்டி ஓட்டிவிட்டுப் பகலில் தூங்குவதால் வீட்டில் வாய்விட்டுச் சொல்லிப் பார்க்க முடிவதில்லை. பதற்றம் தீர வழி சொல்லுங்கள்.
– ஒரு வாசகி, தண்டையார்பேட்டை

பதில்: மகளே, பதற்றத்தைப் பற்றி நான் பேசப்போவதில்லை. அது நேர்காணலுக்குப் போகிற எல்லோருக்கும் இருக்கிறது. எதிரே உட்கார்ந்திருப்பவருக்கும் அது தெரியும். நீ போகிற போக்கில், அதுவும் ஓர் இடைஞ்சலாகக் குறிப்பிட்ட ஒரு செய்தியைத்தான் நான் திரும்பத் திரும்பப் படித்தேன். நீ சேரப்போகும் தொழிலில் 18 வருடம் உழைத்தவர் பக்கத்து அறையில் தூங்குகிறார். நீயோ முகம் தெரியாதவர்களின் காணொளிகளில் அந்தத் தொழிலைத் தேடிக்கொண்டிருக்கிறாய். அவரிடம் ஒரு கேள்வியாவது கேட்டாயா? கேட்டிருந்தால் கடிதத்தில் எழுதியிருப்பாய்.

உனக்குச் சோறு போட்ட தொழில், உன் கல்லூரிக் கட்டணத்தைக் கட்டிய தொழில் எப்படி நடக்கிறது என்பதை அறிந்துகொள்வது பிள்ளையின் கடமை என்று நான் நம்புகிறேன். வேலை கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் அந்தக் கடமை உனக்கு உண்டு. 22 வயது வரை அதைச் செய்யாமல் இருந்துவிட்டு, அவர் தூங்குவதைக் குறையாக எழுதியிருக்கிறாயே, அது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

கப்பலிலிருந்து இறங்கும் கண்டெய்னர் பெட்டிகளில் பலவும் நேராக இறக்குமதியாளரிடம் போவதில்லை. டிரெய்லரில் ஏறி மணலி, திருவொற்றியூர், மாதவரம் பக்கம் உள்ள சரக்கு நிலையங்களுக்கு வந்து, சுங்கத் துறையில் 'பில் ஆஃப் என்ட்ரி' என்ற இறக்குமதி அறிவிப்புப் பத்திரம் தாக்கலாகி, தேவையான சோதனை முடிந்து, வரி கட்டி, சரக்கைச் சுங்கத் துறை விடுவிக்கும் 'அவுட் ஆஃப் சார்ஜ்' உத்தரவு கிடைத்து, சரக்கை ஒப்படைக்கச் சொல்லும் கப்பல் நிறுவனத் தரப்பின் டெலிவரி ஆர்டரும் வந்த பிறகே கேட் பாஸ் போட்டு வெளியே அனுப்பப்படுகின்றன. அந்தக் காகிதங்கள் நாளை உன் மேசைக்கு வரும். அவற்றில் எழுதியிருக்கும் பெட்டிகளை உன் அப்பா முதுகு வலிக்க இழுத்து வந்திருக்கிறார்.

கண்டெய்னர் கதவின் வலப்பக்கம் மேலே நான்கு எழுத்துகளும் ஏழு இலக்கங்களும் இருக்கும். கடைசி இலக்கம் மட்டும் ஒரு சிறு கட்டத்துக்குள் தனியே நிற்கும். முன்னால் உள்ள பத்தையும் வைத்துக் கணக்கிட்ட சரிபார்ப்பு இலக்கம் அது; தட்டச்சில் ஓர் எழுத்தோ எண்ணோ பிசகினால் பெரும்பாலும் அது காட்டிக்கொடுத்துவிடும். அந்த எண்ணையும், கதவுக் கம்பியில் மாட்டிய சீலின் எண்ணையும் நள்ளிரவில் கைப்பேசி வெளிச்சத்தில் காகிதத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தவர் உன் அப்பா. சீல் எண் பொருந்தாவிட்டால் வண்டி எங்கே ஓரங்கட்டப்படும், யாருக்குத் தகவல் போகும், எத்தனை மணி நேரம் காத்திருக்க வேண்டும் என்று அவரைக் கேள். ஹார்பருக்குள் நுழையும் ஜீரோ கேட்டில் எந்தக் காகிதம் இல்லாமல் போனால் திருப்பி அனுப்புவார்கள், ஏற்றுமதிப் பெட்டிக்குப் 'பார்ம் 13' என்ற நுழைவுப் படிவம் எதற்கு, 2016 ஜூலை 1 முதல் எடைச் சான்று இல்லாத பெட்டியைக் கப்பலில் ஏற்றக் கூடாது என்று வந்த விதி அவருடைய ட்ரிப்பை எப்படி மாற்றியது என்றும் கேள். ஆவணப் பிரிவில் நடக்கும் சிறு பிழை சாலையில் நிற்பவனுக்கு எவ்வளவு பெரிய தண்டனை என்பதை அப்போது நீயே புரிந்துகொள்வாய். அதைப் புரிந்தவளாகப் பேசினால், நேர்காணல் செய்பவர் நிமிர்ந்து உட்கார்ந்து கேட்பார்.

முதலில் அவர் மழுப்பக்கூடும். "நீ ஃபேன் காத்துல உக்காரப் போற, உனக்கு எதுக்கும்மா இதெல்லாம்?" என்பார். அதோடு விட்டுவிடாதே. ஒரே ஒரு ட்ரிப்பை, வண்டி எடுத்ததிலிருந்து பெட்டியை இறக்கியது வரை, வரிசையாகச் சொல்லச் சொல், குறிப்பேட்டில் எழுதிக்கொள்.

நிறுவனத்தைப் பற்றியும் படிக்கத்தான் வேண்டும். அவர்களுடைய இணையதளத்தைப் பார். நிறுவன விவகார அமைச்சகத்தின் தளத்தில் நிறுவனம் பதிவான ஆண்டைத் தேடு. வேலை விளம்பரத்தில் கேட்டிருக்கும் ஒவ்வொரு தகுதிக்கும் உன்னிடம் என்ன இருக்கிறது என்று எழுதிவை. இதற்கு ஒரு மாலை போதும். சென்னைத் துறைமுகத்தில் கண்டெய்னர்களுக்கென்றே தனி முனையம் 1983-இல் தொடங்கியது, எண்ணூர்த் துறைமுகம் 2001-இல் செயல்பாட்டுக்கு வந்தது, பிறகு காட்டுப்பள்ளி. நீ போகும் நிலையத்துக்கு எந்தத் துறைமுகத்துப் பெட்டிகள் அதிகம் வருகின்றன என்பதை அந்தச் சாலையில் தினமும் ஓடுகிறவர்தான் சரியாகச் சொல்வார்.

இன்னொன்று. குடும்பத்தைப் பற்றிக் கேட்டால், "அப்பா தனியார் வேலையில் இருக்கிறார்" என்று மழுப்பாதே. டிரெய்லர் ஓட்டுநர், 18 வருடம், சென்னை ஹார்பர் என்று முழுதாகச் சொல்.

பகலில் அவரைத் தூங்க விடு. இரவு மீண்டும் கனரக வண்டி ஓட்ட வேண்டிய மனிதர். மாலையில் எழுந்ததும் டீ போட்டுக் கொடுத்து எதிரே உட்கார். வாய்விட்டுச் சொல்லிப் பார்க்க இடமில்லை என்றாயே, அவரிடமே சொல்லிப் பார், தவறைத் திருத்துவார். நீ வியாழக்கிழமை போகிற அந்த நிலையத்தின் கேட்டுக்குள் அவர் எத்தனை முறை பெட்டி இறக்கப் போயிருக்கிறார் என்பதை முதல் கேள்வியாக வைத்துக்கொள்.