அமெரிக்க ஆன்லைன் மாஸ்டர்ஸை வைத்து டர்பனில் குடும்ப ஆலோசனை

அமெரிக்க ஆன்லைன் மாஸ்டர்ஸும், சாக்வா (தென்னாப்பிரிக்கத் தகுதிகள் ஆணையம்) தந்த கடிதமும் இருக்கிறது, பதிவு விண்ணப்பம் மட்டும் நிற்கிறது, இவற்றை வைத்தே டர்பனில் குடும்ப ஆலோசனை தொடங்கலாமா என்று கேட்டிருந்தீர்கள்.

முடியாது. அந்த மாஸ்டர்ஸும் சாக்வா கடிதமும் மட்டும் போதாது. அந்தக் கடிதம் உங்கள் பட்டம் எந்த நிலைக்குச் சமம் என்று சொல்லும், அவ்வளவுதான். தொழில் செய்ய அனுமதி தருவது ஹெச்பிசிஎஸ்ஏ, அதாவது உளவியலாளர்களைப் பதிவு செய்யும் தென்னாப்பிரிக்கச் சுகாதாரத் தொழில் கவுன்சில்.

விண்ணப்பம் நிற்பதற்குக் காரணம் அநேகமாக இது: அமெரிக்காவில் திருமண, குடும்ப சிகிச்சைக்குத் தனி உரிமம் உண்டு. இங்கே தென்னாப்பிரிக்காவில் அப்படி ஒரு பதிவுப் பிரிவே கிடையாது. தம்பதிகளைப் பார்ப்பவர்கள் பெரும்பாலும் கிளினிக்கல் அல்லது கவுன்சலிங் உளவியலாளர்கள், இல்லையென்றால் சமூகப் பணியாளர்கள் (அவர்களுக்குக் கவுன்சிலே வேறு). எந்தப் பிரிவில் விண்ணப்பித்தீர்கள் என்று முதலில் பாருங்கள்.

அப்புறம் உங்கள் பாடத்திட்டத்தை எடுத்து, மேற்பார்வையில் ஆட்களைப் பார்த்த மணிநேரம் எவ்வளவு, மேற்பார்த்தவர் யார் என்று குறித்துக்கொள்ளுங்கள். அதை வைத்து, எது குறைகிறது என்று ஹெச்பிசிஎஸ்ஏவின் உளவியல் போர்டிடம் எழுத்தில் கேளுங்கள். போனில் கேட்ட பதிலை நம்பி ஃபீஸ் கட்டாதீர்கள்.

இங்கேயே படித்தால், கவுன்சலிங் உளவியலாளராக அங்கீகாரம் பெற்ற மாஸ்டர்ஸ், 12 மாத இன்டர்ன்ஷிப், போர்டு தேர்வு வேண்டும். மாஸ்டர்ஸில் இடம் கிடைப்பதுதான் கஷ்டம். ‘பதிவுபெற்ற ஆலோசகர்’ வழி குறுகியது, ஆனால் அதில் நீண்டகால மனச்சிகிச்சை செய்ய முடியாது.